அத்தானின் நெற்றி

என் அத்தான் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. தலையில் முடி இல்லாத நிலைமையைக் குறிக்கிற சொல். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அத்தானைப் பொறுத்தவரை அவருக்கு நெற்றி கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அந்த நெற்றி புருவத்தில் தொடங்கி, உச்சந்தலை வழியாகப் போய், பின்னால் சட்டைக் காலரில் முடியும். காதுக்கு மேலே பக்கத்துக்கு ஏழெட்டு முடி இருந்தது. தினமும் காலையில் அதற்கு எண்ணெய் தடவி வாரிவிடக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். உள்ளங்கையில் மிச்சமாகிற எண்ணெய் நெற்றிக்கு. அந்த மிச்ச எண்ணெயால்தான் இவ்வளவும் வந்தது.

அவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். வாட்சுக்குள் ஹேர் ஸ்பிரிங் என்று ஒரு சமாசாரம் உண்டு. உலகத்தில் உள்ள வாட்ச்காரர்கள் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். அத்தான் மட்டும் "மெல்லிசு ஸ்பிரிங்" என்பார்.

நான் அப்போது தபால் பிரிக்கிற வேலையில் இருந்தேன். விடியற்காலையில் போனால் ஒன்பதரைக்கு வீடு. வீடு என்றால் அக்கா வீடு. மாடி அறை எனக்கு. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இந்த வயதில் புதிதாகப் பழகவும் முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. அத்தான் நாற்காலியில் உட்கார மாட்டார். தரையில் மெத்தை போட்டு, முழங்கால் உயர மேஜையின் மேல் குனிந்து, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வேலை பார்ப்பார். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் விளக்கு. மேஜைக்குப் பக்கத்திலேயே, பெரிய சுவர்க் கடிகாரம் வந்த மரப்பெட்டி. அதற்குள் வைக்கோல். அதற்குள் அம்மணி.

அம்மணி ஒரு வாத்து. குளத்தில் போகிற குட்டை வாத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தே ஒரு முழம் இருக்கிற கூஸ் வாத்து. கொல்லையில் ஈரம் அதிகம் என்று அத்தான்தான் பெட்டியைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்தார். அதற்கு ஒரு ஜோடியும் இருந்தது. ஆண் கூஸுக்கு அடைகாக்கத் தெரியாது, பக்கத்தில் நிற்கத் தெரியும். வாசலுக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களைப் பார்த்துக் கழுத்தை நீட்டி உஸ்ஸென்று சீறும். வேலை செய்கிறவர்களைவிட அதிகமாகக் களைத்துப்போகும். நாங்கள் சூப்பர்வைசர் என்று கூப்பிட்டோம். வாடிக்கையாளர்கள் வாட்சைக் கை நீட்டித் தூரத்திலிருந்தே கொடுத்துவிட்டு ஓடுவார்கள்.

இரண்டு வருஷமாக ஒரே கதை. அம்மணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். இட்டவுடன் வைக்கோலால் மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வெளியே போய்ப் புல் மேயும். எட்டு ஒன்பது சேர்ந்ததும் தன் நெஞ்சிலிருந்தே பஞ்சு பஞ்சாகப் பிடுங்கி மெத்தை போட்டு உட்கார்ந்துகொள்ளும். சாஸ்திரப்படி முப்பது நாள். ஆனால் எல்லா முட்டையும் கூழாகிப்போகும். இரண்டு வருஷமும் ஒரு குஞ்சுகூட இல்லை.

மூன்றாவது வருஷம் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"முப்பது நாள். குஞ்சு வந்தா எல்லாரும் இருக்கலாம். வரலேன்னா ரெண்டையும் பக்கத்துக் கடைக்குக் குடுத்துடுவேன்."

பக்கத்துக் கடை என்றால் கறிக்கடை. கறிக்கடைக்காரர் நல்ல மனிதர். அவருடைய வாட்ச் வாரத்துக்கு இரண்டு நிமிஷம் பின்னால் போகும். அதைச் சரிசெய்யச் சனிக்கிழமை தவறாமல் வருவார். வாட்சை அத்தானிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை அம்மணி மேல் வைப்பார்.

"எலும்பு போக நாலு கிலோ தேறும்," என்பார், உடம்பு சௌக்கியமா என்று கேட்கிற அதே குரலில்.

அத்தான் முகம் செத்துவிடும். அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கிற உயிர் அந்த வீட்டில் அம்மணி ஒன்றுதான். போதாக்குறைக்கு அது அவர் தலையைக் கோதிவிடும். தினமும் விளக்கைப் போட்டுக் குனிந்த கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து இறங்கி வரும். அத்தானின் உச்சந்தலைக்கு அந்தப் பக்கமாக அலகைக் கொண்டுபோய் வைத்து, மெதுவாகத் தன் நெஞ்சுப் பக்கம் இழுக்கும். திரும்ப வைக்கும், இழுக்கும். விளக்கு அணைகிற வரைக்கும் இதே வேலை.

"பாரு மாப்ள," என்பார் அத்தான், தலையை ஆட்டாமல். "முடியைக் கோதி விடுது. முடி இல்லேன்னா கோதுமா?"

நான் ஒன்பதரைக்கே வந்துவிடுகிற ஆள் என்பதால், முட்டை ஏன் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மணி அங்கே தலை கோதிக்கொண்டிருந்தால் இங்கே முட்டைக்குச் சூடு கொடுப்பது யார்? அவசரத்துக்கு அக்காவின் கம்பளியை எடுத்து முட்டைகள் மேல் போட்டேன்.

ஆனால் ஏன் இறங்குகிறது? நாலாம் நாள், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு முட்டையை எடுத்து வைத்தேன். அம்மணி கழுத்தை நீட்டியது. முட்டைக்கு அந்தப் பக்கம் அலகை வைத்து, உருட்டி, நெஞ்சுக்கடியில் சேர்த்துக்கொண்டது. ஃப்யூஸ் போன பல்பை வைத்தேன். அதுவும் உள்ளே போனது. கதவுக் குமிழ் போனது. வட்டமான அலாரம் கடிகாரம் போனது, அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அம்மணியின் வயிற்றுக்கடியிலிருந்து அடித்ததாம். கடைசியில் ஒரு கால்பந்தை வைத்தேன். அவ்வளவுதான், சொந்த முட்டை ஒன்பதையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டது. முட்டை எவ்வளவு பெரிதோ பாசமும் அவ்வளவு பெரிது.

நான் கால்பந்தைப் பார்த்தேன். விளக்கடியில் எண்ணெய் மினுமினுக்கக் குனிந்திருந்த அத்தானைப் பார்த்தேன். அம்மணி கால்பந்தை விட்டுவிட்டு அத்தானிடம் போனது.

இதை எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டிய சொல்லுக்குத்தான் தடை ஆயிற்றே.

"அத்தான், அம்மணிக்குப் பெரிய முட்டைன்னா உசிரு."

"நல்ல விஷயம்தானே."

"பெரிய முட்டை ஒண்ணு கூட்டுக்கு வெளிய கிடக்குன்னு நினைச்சுத்தான் தினமும் இறங்கி வருது."

"அடப் பாவமே. எங்க கிடக்கு?" மேஜைக்கடியில் தேடினார். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இங்க ஒண்ணும் காணோமே மாப்ள."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கண்ணாடி முன்னால போய் நின்னு தேடச் சொல்லுடா."

அத்தான் நிமிர்ந்தார். கண்ணிலிருந்து லென்ஸ் கழன்று விழுந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அம்மணி கோத வந்தபோது மட்டும், "நீ கோது தாயி. பொறாமை பிடிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க," என்றார். நான் கம்பளியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள். முட்டைக்குள் கரு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிற நாள். அக்கா ஒரு முட்டையை எடுத்து வந்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்க விளக்குதானே," என்று நீட்டினாள். அத்தான் முட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்து, லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

உள்ளே சிவப்பாக, மயிரிழையைவிட மெல்லிசாக, சுருள் சுருளாக நரம்பு. நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

அத்தான் தன் வாட்சைப் பார்த்துக்கொண்டே துடிப்பை எண்ணினார். ஒரு நிமிஷம் முழுதாக எண்ணிவிட்டு, ரிப்பேராகி வந்த வாட்சைச் சொல்வது போலச் சொன்னார்.

"ஓடுது."

அடுத்ததை வாங்கினார். "இதுவும் ஓடுது." ஒன்பதையும் பார்த்து முடித்துவிட்டு லென்ஸைக் கழற்றினார். "ஒன்பதும் ஓடுது மாப்ள."

பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். "இந்த நெத்திக்கு என்ன பண்ணலாம்?"

பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போனோம். அம்மணி திரும்பி வந்து, பெட்டி இருந்த வெறுந்தரையிலேயே உட்கார்ந்துகொண்டது. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தோம். அத்தானைப் பின்னறைக்கு மாற்றிப் பார்த்தோம். அம்மணி வீடு முழுக்கக் கத்திக்கொண்டு தேடிப் போய், பின்னறை வாசலில் படுத்துக்கொண்டது. ஒரு முட்டை தொலைந்துபோனது தொலைந்ததுதானே, வேறே அறையில் இருந்தால் என்ன? எண்ணெயை நிறுத்தி, மாவு பூசிப் பார்த்தோம். இன்னும் அசல் முட்டை மாதிரியே இருந்தது. தொப்பி போட்டார். விளிம்பின் நிழல் விழுந்து வேலை கெட்டது. நிமிஷ முள்ளை மணி முள் இருக்கிற இடத்தில் மாட்டிவிட்டார்.

கடைசியாக, பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷத்துக்கு வாங்கியிருந்த சுருட்டை டோப்பாவை நான் இரவல் வாங்கி வந்தேன். அத்தான் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு களை. "இது முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு," என்றார். எப்போது இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அறைக்குள் வந்தார். சூப்பர்வைசருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆண்வாத்து அத்தான் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டது. பறந்து போய்ப் பிடித்த பிடியில் டோப்பா கழன்றது. அறை முழுக்கத் துரத்தி, மிதித்து, கொன்று, பிணத்தை அம்மணியின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டது. அம்மணி அதைப் பிரித்துப் பிரித்துக் கூட்டுக்கு மெத்தையாகப் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து ஒன்பது முட்டையும் ராஜாவின் சுருட்டை முடியில் படுத்திருந்தன. பள்ளிக்கூடத்துக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது தனிக்கதை.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. கறிக்கடைக்காரர் வந்தார். அம்மணி கூட்டை விட்டு இறங்கி அத்தானின் நெற்றியை இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்னவோ கம்பளியைப் போட வந்த என்னைச் சூப்பர்வைசர் பெட்டிப் பக்கமே விடவில்லை.

கறிக்கடைக்காரர் தூரத்திலிருந்தே பார்த்தார். "முட்டை ஆறிப்போகுதே வாட்ச்காரரே. சரி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை... முப்பதாம் நாள் புதன்கிழமை வருது. கூடை கொண்டுவரேன்."

அத்தான் அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இடுக்கியைக் கீழே வைத்தார். மெத்தையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, மல்லாந்து படுத்தார். பெட்டியின் ஒரு பக்கப் பலகையை உருவிவிட்டு, தலையைக் கொண்டுபோய் முட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

அம்மணி சுற்றிவந்து பார்த்தது. தொலைந்துபோன முட்டை தானாகவே நடந்து வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு பெருமூச்சு விட்டது, வாத்து பெருமூச்சு விடாது என்பவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை. ஏறி உட்கார்ந்தது. புருவத்துக்கு மேலே அம்மணி, புருவத்துக்குக் கீழே அத்தான்.

"என்ன வாட்ச்காரரே, தலைமறைவா?" என்றார் கறிக்கடைக்காரர்.

அத்தான் படுத்தபடியே அவருடைய வாட்சுக்குக் கையை நீட்டினார்.

அடுத்த பதினோரு நாளும் அவர் அப்படியேதான் கடை நடத்தினார். விளக்கைத் தாழ்த்திக் கட்டினோம். வாட்சை நெஞ்சுக்கு மேலே பிடித்து வேலை பார்த்தார். வாடிக்கையாளர்கள் அவருடைய காலோடு பேசப் பழகிக்கொண்டார்கள். வலது கட்டைவிரல் ஆடினால் வாட்ச் ரெடி. இடது ஆடினால் நாளைக்கு வாங்க. இரண்டும் சேர்ந்து ஆடினால், இதை ரிப்பேர் பண்ணுகிற நேரத்துக்குப் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அம்மணி நாளுக்கு ஒருமுறை, மதியம் இருபது நிமிஷம் வெளியே போகும். போவதற்குமுன் முட்டைகளை வைக்கோலால் மூடும், அத்தானையும் சேர்த்துத்தான். அந்த இருபது நிமிஷத்தில் அவர் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், மற்றதெல்லாம் முடிக்க வேண்டும், அது திரும்பி வருவதற்குள் வைக்கோலுக்குள் போய்விட வேண்டும். அது தண்ணீரில் முங்கிவிட்டு நெஞ்சு சொட்டச் சொட்ட வந்து உட்காரும். முட்டைக்கு அந்த ஈரம் தேவை. அத்தானுக்கு ஜலதோஷம் பிடித்தது. முட்டைக்கு எல்லாப் பக்கமும் சூடு படவேண்டும் என்று நாளுக்கு ஐந்தாறு முறை அலகால் திருப்பிப் போடும். அத்தானையும் திருப்பியது. வாரக் கடைசியில் அவர் கழுத்து எந்தப் பக்கம் கேட்டாலும் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஸ்பூனால் கஞ்சி ஊட்டுவாள். "கல்யாணமான புதுசுல ஊட்டிவிடுங்கன்னு நான் கேட்டேன். நீங்க ஊட்டினீங்களா? இப்பப் பாருங்க," என்பாள். ஆனால் முப்பதாம் நாள் கணக்கை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்கிற ரகம் எங்கள் குடும்பம்.

புதன்கிழமை வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கறிக்கடைக்காரர் கூடையோடு வந்து நின்றார். ஒரு முட்டையிலும் விரிசல் இல்லை. சூப்பர்வைசர் கூடையைப் பார்த்தது. முதல்முறையாகச் சீறாமல் நின்றது.

"முப்பது நாள் முடிஞ்சுது தங்கச்சி," என்றார் கறிக்கடைக்காரர், வருத்தமாகத்தான்.

"சத்தம் போடாதீங்க," என்றது கூட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "உள்ள தட்டுறாங்க."

"யாரு தட்டுறாங்க?"

"முட்டைக்குள்ள. என் ரெண்டு காதும் முட்டைமேலதானே இருக்கு. காலையிலேர்ந்து தட்டுறாங்க."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "நாள் முழுக்க வாட்ச் சத்தம் கேட்டுக் கேட்டு உங்களுக்கு எதைத் தொட்டாலும் அதே சத்தம்தான்."

"வாட்ச் ஒரே அளவா அடிக்கும்மா. இது தப்புத் தப்பா அடிக்குது. நிக்குது, திரும்ப அடிக்குது. உசிரு இருக்கிறதுதான் இப்படித் தப்பா அடிக்கும்."

அக்கா குரலைக் கடினமாக்கிக்கொண்டாள். "ரெண்டு வருஷமா இதைத்தான் கேக்கறேன். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு. அடைகாக்கத் தெரியாத வாத்தை வச்சுட்டு..."

"அவளுக்குத் தெரியும்." அத்தானின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அம்மணி லேசாக ஆடி உட்கார்ந்தது. "ரெண்டு வருஷமும் தப்பு அவமேல இல்ல. அவ ஒரு முட்டையைக்கூட விட்டுடக் கூடாதுன்னு ஓடியிருக்கா. நான்தான் கோதுறான்னு நினைச்சு... தப்பு என் மேல. என் வழுக்கை மேல."

அறையில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் நின்றுபோயின என்று நான் சொன்னால் மிகை. மூன்றுதான் நின்றன.

அக்கா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். ஜலதோஷம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கறிக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்டுக் கடிகாரம் எதுவும் சரியில்லண்ணே. நீங்க நாளைக்கு வாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒன்பதும் பொரிந்துவிட்டன. ஒன்பதும் மஞ்சள். ஒவ்வொன்றும் அத்தானின் நெற்றிமேல் ஏறி, சறுக்கி விழுந்து, திரும்ப ஏறி விளையாடியது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. குஞ்சுகள் காய்ந்ததும் தாய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போக வேண்டும். அம்மணி எழுந்திருக்கவே இல்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. குஞ்சுகள் பசியில் கத்தின. அத்தான் தலையை எடுத்தால் திரும்ப இழுத்து உள்ளே வைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் மேல் தப்பில்லை. பத்தாவது முட்டை இன்னும் பொரியவில்லையே.

"நல்லாப் போச்சு," என்றாள் அக்கா. "நீங்களும் பொரிஞ்சு வெளிய வந்துடுங்க."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பரணிலிருந்து மஞ்சள் கம்பளி நூலை இறக்கி, மத்தியானத்துக்குள் ஒரு குல்லாய் பின்னிவிட்டாள். உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கஞ்சிப்பசையால் அதன்மேல் ஒட்டினாள். வைக்கோலுக்கடியில் கையை விட்டு அத்தான் தலையில் மாட்டினாள். "ம், ஆரம்பிங்க."

அத்தான் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தார். அம்மணி எழுந்து நின்றது. மேஜையில் இருந்த கரண்டியை எடுத்து அக்கா மெதுவாகத் தட்டினாள். ஓடு ஒவ்வொன்றாகச் சிதறி விழுந்தது. உள்ளிருந்து மஞ்சளாக, அகலமாக, ஜலதோஷத்தோடு அத்தான் வெளியே வந்தார்.

அம்மணி அவரை மேலும் கீழும் பார்த்தது. இவ்வளவு நாள் காத்ததற்கு இதுவா என்று தோன்றியிருக்கும். ஆனாலும் தாய் தாய்தான். ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வாசல் படி இறங்கியது. பின்னால் ஒன்பது குஞ்சு. அதற்குப் பின்னால், மஞ்சள் குல்லாயோடு, குந்திய நிலையிலேயே அத்தான். கடைசியில் சூப்பர்வைசர், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு. தெருக்கோடிக் குளம் வரைக்கும் போனார்கள். பஸ் நின்று வழி விட்டது.

கறிக்கடைக்காரர் காலிக் கூடையோடு எங்கள் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"ஒன்பதும் வளந்தா ஒண்ணு ரெண்டு எனக்குக் குடுப்பியா தங்கச்சி?"

"பாக்கலாம்ண்ணே."

"அந்தப் பத்தாவது நல்ல எடையா இருக்கே."

அக்கா குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓரத்தில் அத்தான் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் பின்னாலிருந்து தள்ளியது.

"அது மட்டும் கேக்காதீங்க," என்றாள். "அதை நான் வளக்கப் போறேன்."